உங்கள் ஊரில் ஒரு விக்கிப்பீடியா சந்திப்பு: முதல்முறை நடத்துபவர்களுக்கு

தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது 2003-ல். அதே ஆண்டு அக்டோபரில் ஜெர்மன் விக்கிப்பீடியர்கள் சிலர் மியூனிக் நகரில் நேரில் கூடினார்கள். அதுவரை கட்டுரைகளோடு இணைந்த உரையாடல் பக்கங்களில் மட்டுமே வாதிட்டுக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். இன்று உலகின் பல நகரங்களில் இத்தகைய சந்திப்புகள் வழக்கமாகிவிட்டன. நம் பக்கத்தில் பெரும்பாலும் கல்லூரி அரங்கில் மாணவர்களை நிரப்பி அறிமுகப் பட்டறைதான் நடத்துகிறோம். அதற்கும் பயன் உண்டு. ஆனால் எட்டுப் பேர் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து, தங்கள் ஊரைப் பற்றிய கட்டுரையைத் திருத்தும் சிறிய சந்திப்புதான் தொடர்ந்து எழுதும் பயனர்களை உருவாக்கும் என்று உறுதியாக நம்புகிறேன். அதை நடத்தும் வழியை மதுரையை வைத்துச் சொல்கிறேன். உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

1. துணைக்கு ஒருவரைத் தேடுங்கள்

தனியாக நடத்த வேண்டாம். மூன்று அல்லது நான்கு புதியவர்களுக்கு ஒருவராவது அனுபவமுள்ள பயனர் அருகில் இருக்க வேண்டும். அவரைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. உங்கள் ஊர்க் கட்டுரையைத் திறந்து, மேலே உள்ள வரலாறு என்ற இணைப்பைச் சொடுக்குங்கள். அண்மையில் அக்கறையோடு திருத்தியவர்களின் பயனர் பெயர்கள் அங்கே கிடைக்கும். ஒவ்வொரு பயனருக்கும் செய்தி எழுதி வைக்கப் பேச்சுப் பக்கம் என்று ஒன்று உண்டு. அதில் சுருக்கமாக எழுதிக் கேளுங்கள். எல்லாருக்கும் பொதுவான அறிவிப்பைத் தமிழ் விக்கிப்பீடியாவின் ஆலமரத்தடி என்ற பக்கத்தில் இடுங்கள். சமூகத்தின் பொதுப் பேச்செல்லாம் நடக்கும் இடம் அதுதான்.

பலர் புனைபெயரில் எழுதுகிறவர்கள். யாருடைய இயற்பெயரையும் தொலைபேசி எண்ணையும் பொதுப் பக்கத்தில் கேட்காதீர்கள்.

2. இடம்

நூலகத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை. மதுரையில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. சென்னைக்காரர்களுக்குக் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம். மற்ற மாவட்டங்களில் மாவட்ட மைய நூலகத்தை அணுகலாம். நாள், நேரம், வருவோர் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறிப்பிட்டு நூலகருக்குக் கடிதம் கொடுங்கள். மின்செருகிகள், இணைய வசதி, கழிப்பறை ஆகிய மூன்றையும் முன்பே நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள். இரண்டரை மணி நேரம் போதும். பெண்களும் தயக்கமின்றி வந்து திரும்ப வேண்டுமென்றால் பகல் நேரமே நல்லது.

3. எதை எழுதப் போகிறீர்கள்?

சந்திப்பின் உயிர்நாடி இதுதான். வந்த பிறகு யோசிக்கலாம் என்று விட்டுவிட்டால், புதியவர்கள் முதலில் எழுத நினைப்பது தங்கள் கல்லூரியை, தங்கள் நிறுவனத்தை, தங்கள் தாத்தாவை. அந்த அன்பு எனக்குப் புரிகிறது. ஆனால் நம்பகமான வெளி ஆதாரங்கள் விரிவாகப் பேசாத பொருளுக்குக் கலைக்களஞ்சியத்தில் இடமில்லை. தனக்கு வேண்டியவரைப் பற்றி நடுநிலையோடு எழுதுவதும் எளிதல்ல. அந்தக் கட்டுரை நீக்கப்படும்போது எழுதியவரும் மனம் நொந்து போய்விடுவார்.

ஆகவே ஏற்கெனவே உள்ள குறுங்கட்டுரைகளில் ஐந்தாறைத் தேர்ந்தெடுத்து வையுங்கள். மதுரையைச் சுற்றி எழுதத் தீராத செய்திகள் கிடக்கின்றன. மாங்குளத்திலும் கொங்கர் புளியங்குளத்திலும் தமிழி எனப்படும் பழந்தமிழ் எழுத்தில் (தமிழ்பிராமி) கல்வெட்டுகள் உள்ளன. கீழக்குயில்குடி சமணர் மலையில் தீர்த்தங்கரர் சிற்பங்கள் உள்ளன. ஒவ்வொன்றைப் பற்றியும் தொல்லியல் வெளியீடுகளும் ஆய்வு நூல்களும் வந்திருக்கின்றன. நூலக அடுக்கிலிருந்து அந்த நூல்களை எடுத்து மேசையில் வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ நடத்துகிறவர்களுக்கு நூலகம் என்னும் எண்ணிம நூலகம் பெரிய துணை. பழைய இதழ்களையும் மலர்களையும் அங்கே திறந்து படிக்கலாம்.

பிற மொழிக் கட்டுரையை இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டு அப்படியே ஒட்டும் வேலையை அனுமதிக்காதீர்கள். அந்த வாக்கியங்களைச் சரிசெய்ய, புதிதாக எழுதுவதைவிட அதிக நேரம் ஆகும்.

4. கணக்கை வீட்டிலேயே உருவாக்கச் சொல்லுங்கள்

ஒரே இணைய இணைப்பிலிருந்து (ஐ.பி. முகவரி) ஒரு நாளில் ஆறு கணக்குகளுக்கு மேல் உருவாக்க விக்கிப்பீடியா பொதுவாக விடாது. நூலகத்தின் அருகலையில் (வைஃபை) பத்துப் பேர் முயன்றால் ஏழாவது நபர் மாட்டிக்கொள்வார். முந்தைய நாளே, அவரவர் வீட்டிலிருந்து கணக்கு தொடங்கச் சொல்லுங்கள். அது முடியாதவர்களுக்கு உதவ தமிழ் விக்கிப்பீடியாவின் ஒரு நிர்வாகியிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். அவருக்கு இந்த வரம்பு இல்லை. தமிழ்த் தட்டச்சையும் முன்பே சோதிக்கச் சொல்லுங்கள். தமிழ்99 விசைப்பலகை முறை தெரிந்தால் சிறப்பு. தெரியாதவர்கள் விக்கிப்பீடியாவிலேயே உள்ள, ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழில் வரும் எழுத்துப்பெயர்ப்பு முறையைப் பயன்படுத்தலாம். கைபேசியிலும் தொகுக்க முடியும் என்றாலும், மேற்கோள் சேர்க்க மடிக்கணினி வசதியானது.

5. அன்றைய நாள்

அறிமுக உரை கால் மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். விக்கிப்பீடியாவின் வரலாற்றைக் கேட்க யாரும் பஸ் ஏறி வரவில்லை. முதலில் மணல்தொட்டி என்னும் பயிற்சிப் பக்கத்தில் இரண்டு வரி எழுதிச் சேமிக்கச் சொல்லுங்கள். பயம் அங்கேயே தெளிந்துவிடும். அடுத்து, தேர்ந்தெடுத்த கட்டுரையில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தட்டும். பிறகு மேசையில் உள்ள நூலில் ஒரு பத்தியைப் படித்து, நூலை மூடிவிட்டுத் தன் சொந்த நடையில் இரண்டு வாக்கியங்கள் எழுதட்டும். மூடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. புதியவர்களின் பங்களிப்பு நீக்கப்படுவதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்று பதிப்புரிமை மீறல். நூல் திறந்திருந்தால் கை தானாகவே பார்த்து எழுதும். எழுதிய வாக்கியத்தின் முடிவில் நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பாண்டு, பக்க எண் ஆகியவற்றோடு மேற்கோள் சேர்க்க வேண்டும்.

அருகில் இருக்கும் அனுபவசாலிகளுக்கு ஒரு வேண்டுகோள்: புதியவரின் விசைப்பலகையைத் தொடாதீர்கள். மெதுவாக இருந்தாலும் அவரே செய்யட்டும்.

6. படங்கள்

நேரம் இருந்தால் இன்னொரு நாள் காலையில் சமணர் மலைக்கு ஒளிப்பட நடையாகப் போகலாம். விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேமிக்கும் விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்ற வேண்டியவை அவரவரே எடுத்த படங்கள் மட்டும். கூகுளில் கிடைத்தது, வாட்ஸ்அப்பில் வந்தது எதுவும் கூடாது. ஏற்றும்போது, பெயர் குறிப்பிட்டு யார் வேண்டுமானாலும், வணிகத்துக்கும்கூட, பயன்படுத்தலாம் என்ற உரிமத்தைத் தருகிறோம் என்பதைப் புரியவையுங்கள். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கைபேசி கொண்டுபோக முடியாது. ஆகவே அங்கே வெளியிலிருந்து கோபுரங்களை எடுக்கலாம். சந்திப்பில் எடுக்கும் குழுப் படத்துக்கு ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சம்மதம் கேளுங்கள். வேண்டாம் என்பவர் சட்டகத்துக்கு வெளியே நிற்கட்டும்.

7. அடுத்த ஒரு வாரம்

பெரும்பாலான சந்திப்புகள் தோற்றுப்போவது இங்கேதான். அன்று திருத்திய கட்டுரைகள் அனைத்தையும் மாற்றங்களைக் காட்டும் உங்கள் கவனிப்புப் பட்டியலில் சேர்த்து, தினமும் ஒருமுறை பாருங்கள். புதியவரின் திருத்தத்தை வேறொருவர் நீக்கிப் பழைய நிலைக்கு மீளமைத்திருந்தால் காரணத்தை அவருக்கு விளக்குங்கள். கட்டுரையை நீக்கலாம் என்று அறிவிக்கும் நீக்கல் வார்ப்புரு இடப்பட்டிருந்தால், அந்தக் கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் அவருடன் சேர்ந்து நீங்களும் பதில் எழுதுங்கள். ஒவ்வொருவரின் பேச்சுப் பக்கத்திலும் அவர் செய்த குறிப்பிட்ட திருத்தத்தைச் சொல்லி நன்றி எழுதுங்கள். எல்லாருக்கும் ஒரே வாசகத்தை ஒட்டாதீர்கள்.

ஆலமரத்தடியில் ஐந்தாறு வரிகளில் ஓர் அறிக்கை போதும்: எத்தனை பேர் வந்தார்கள், எந்தக் கட்டுரைகள் வளர்ந்தன, எது சரியாக நடக்கவில்லை. அதன் கடைசி வரியில் அடுத்த சந்திப்பின் நாளையும் இடத்தையும் எழுதிவிடுங்கள்.