தும்முகிற பிள்ளையை வீட்டுக்குள் பூட்டலாமா?

மார்கழிப் பனி இறங்கினால் பல வீடுகளில் ஒரு தீர்ப்பு வந்துவிடும்: "தை பிறக்கட்டும், அப்புறம் கிரவுண்டுக்குப் போகலாம்." ஒவ்வாமையால் தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு உள்ள பிள்ளைக்கு இதுதான் பாதுகாப்பு என்று பெற்றோர் நினைக்கிறார்கள். முதல் தவறே இங்கேதான். வீட்டுக்குள்ளேயே மெத்தையிலும் தலையணையிலும் இருந்து தும்மலைத் தூண்டும் தூசிப்பூச்சிகள் மழைக்கால ஈரத்தில் பெருகியிருக்கும். போதாததற்குக் கொசுவர்த்திச் சுருள், சாம்பிராணிப் புகை. 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தும்மல் இருப்பது அதற்கு விலக்கு அல்ல.

சரி, எப்போது வேண்டுமானாலும் விடலாமா? அதுவும் தவறு. பனிக்கால அதிகாலையில் குளிர்ந்த காற்று தரையோடு படிந்து, புகையையும் தூசியையும் மேலே போக விடாது. போகியன்று சென்னையில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இந்த மாதங்களில் விடியற்காலைப் பயிற்சியை மாலைக்கு மாற்றினாலே பாதித் தொல்லை குறையும். மைதான ஓரத்தில் பார்த்தீனியம் பூத்திருந்தாலோ, அன்றுதான் புல் வெட்டியிருந்தாலோ வேறு இடம் பாருங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, ஓடும்போது இருமுகிற பிள்ளைக்கு "ஸ்டாமினா இல்லை" என்று முத்திரை குத்துவது. மூக்கு அடைத்திருந்தால் பிள்ளை வாயால் மூச்சு வாங்கும். மூக்கு வழியாகப் போனால் சூடாகி, ஈரமாகி, வடிகட்டப்படும் காற்று, இப்போது வறண்டபடி நேரே உள்ளே போகிறது. மூச்சுக்குழாய் உலர்ந்து சுருங்குகிறது. ஓட ஆரம்பித்த சில நிமிடங்களிலோ, ஓட்டம் நின்ற ஐந்து பத்து நிமிடங்களிலோ இருமலும் இளைப்பும் வந்தால், அது ஆஸ்துமாவாக இருக்கலாம்; மருத்துவரிடம் அதை அப்படியே சொல்லுங்கள். வெறும் "சளி" என்று சொன்னால் சளி மருந்துதான் கிடைக்கும்.

இப்படிப்பட்ட பிள்ளைகளை எடுத்த எடுப்பில் வேகமாக ஓடவிடக் கூடாது. 10, 15 நிமிடம் மெதுவாக உடலைச் சூடேற்ற வேண்டும். விளையாடுவதற்குச் சுமார் 15 நிமிடம் முன்பு இன்ஹேலர் எடுக்கும்படி மருத்துவர் சொல்லியிருந்தால், ஸ்பேசர் (இன்ஹேலரையும் வாயையும் இணைக்கும் பிளாஸ்டிக் குழல்) வைத்து எடுக்க வேண்டும். "இன்ஹேலர் பழகிடும், சிரப்பே கொடுங்க" என்பார்கள். கணக்கைப் பாருங்கள்: மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புட்டமால் மருந்தின் இன்ஹேலரில் ஒரு அழுத்தத்துக்குப் பொதுவாக 100 மைக்ரோகிராம், அதே மருந்தின் சிரப்பில் 5 மில்லிக்கு 2 மில்லிகிராம், அதாவது இருபது மடங்கு. அதுவும் இரத்தம் வழியாக உடம்பெல்லாம் சுற்றி வரும், கை நடுங்கும். ஆனால் விளையாடும் முன் எடுப்பதைத் தவிர, இருமலையும் இளைப்பையும் தணிக்க வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் இந்த இன்ஹேலர் தேவைப்பட்டால் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை. சிகிச்சையை மாற்ற வேண்டியிருக்கும். ஆஸ்துமா விளையாட்டுக்குத் தடை அல்ல: ஆஸ்துமாவோடு வளர்ந்த அமெரிக்க நீச்சல் வீராங்கனை ஏமி வான் டைக்கன் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் நான்கு தங்கம் வென்றார்.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சளி சிரப்புகளும் விளையாட்டைக் கெடுக்கும். பலவற்றில் இருக்கும் குளோர்பெனிரமின் என்ற ஒவ்வாமை மருந்து தூக்கம் வரவழைக்கும், பி.டி. வகுப்பில் பிள்ளை மரத்தடியில் உட்கார்ந்துவிடும். இந்த மருந்தும் ஃபினைலெஃப்ரின் என்ற மூக்கடைப்பு மருந்தும் சேர்ந்த கலவையை 4 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே சொல்லிவிட்டது. மூக்கடைப்புக்கான சொட்டு மருந்தை நாள் கணக்கில் விட்டுக்கொண்டே இருந்தால் அடைப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும். மருத்துவர் எழுதிய ஸ்டீராய்டு ஸ்ப்ரே இதற்கு நேர்மாறு: முழுப் பலன் தெரியச் சில நாள் முதல் இரண்டு வாரம் வரை ஆகலாம். மூன்றாம் நாளே "கேட்கலை" என்று தூக்கிப் போடாதீர்கள். ஸ்ப்ரேயின் நுனி மூக்கின் நடுத்தண்டைப் பார்க்காமல் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கட்டும்.

விளையாடி வந்ததும் குளித்து உடை மாற்ற வேண்டும். அதே சட்டையோடு மெத்தையில் விழக் கூடாது.

பி.டி. ஆசிரியரிடம் எல்லாவற்றையும் சொல்லிவையுங்கள். இன்ஹேலர் வீட்டு அலமாரியில் தூங்காமல் பள்ளிப் பையில் இருக்கட்டும். மூச்சை உள்ளே இழுக்கும்போது விலா எலும்புகளுக்கிடையே குழி விழுந்தாலோ, ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாவிட்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ இன்ஹேலரைக் கொடுத்துக்கொண்டே உடனே 108-ஐ அழைக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.