கிளட்சில் ஏர் போகவில்லையா? கியர்பாக்ஸை இறக்க அவசரப்படாதீர்கள்

ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்சில் ஏர் எடுப்பது, அதாவது உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுவது, பார்க்கச் சுலபமான வேலை. புதிதாகத் தொழிலுக்கு வரும் பையன்களோ நாங்கள் அந்தக் காலத்தில் செய்த தவறுகளை ஒன்றுவிடாமல் செய்கிறார்கள். மேலே இருக்கும் டப்பாவில் ஆயில் தீரக்கூடாது, காற்றை வெளியே விடும் நிப்பிளை மூடிய பிறகே பெடலை விட வேண்டும் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

புஷ் ராடைப் பார்க்காமல் மற்றதையெல்லாம் மாற்றுவது

இன்றும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். பெடல் முழுக்க மேலே நிற்கும்போது பெடல் தள்ளும் புஷ் ராடுக்கும், பெடல் பக்கம் இருக்கும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனுக்கும் நடுவே துளி இடைவெளி வேண்டும். அப்போதுதான் பிஸ்டன் கடைசிவரை பின்னால் வந்து, டப்பாவுக்குப் போகும் ஊசித்துளை திறக்கும். ராடு நீண்டிருந்தால் பிஸ்டனின் ரப்பர் அந்தத் துளையை மறைத்துவிடும். குமிழ் மேலே போக வழி கிடையாது. கொடுமை என்னவென்றால், அப்போதும் நிப்பிளில் ஆயில் வரும். பெடல் திரும்பும்போது ரப்பரின் ஓரத்தைத் தாண்டி ஆயில் முன்னால் வந்துவிடுவதால், வேலை நடப்பது போலவே இருக்கும்.

ஒரு சரக்கு வண்டி வந்தது. "கிளட்ச் ரொம்பக் கீழே பிடிக்குது" என்று டிரைவர் சொன்னதற்காக யாரோ ராடைத் திருகி நீட்டியிருக்கிறார்கள். பிறகு வேறொரு ஷெட்டில் ஸ்லேவ் சிலிண்டரின் (கிளட்ச் பக்கம் இருப்பது) ரப்பர் கிட் மாற்றியும் ஏர் போகவில்லை. ஒரு பாட்டில் ஆயில் காலி. "பிளேட் போயிடுச்சு" என்று கியர்பாக்ஸையும் இறக்கிவிட்டார்கள். பிளேட் நன்றாகத்தான் இருந்தது. ராடின் லாக் நட்டில் ஸ்பேனர் பட்ட புதுக் கீறல் பளபளத்தது, குனிந்து பார்க்கத்தான் ஆளில்லை. இறக்கி ஏற்றிய கூலி வண்டிக்காரர் தலையில்.

டப்பா மூடியைத் திறந்துவைத்து, பெடலைக் கையால் மெதுவாக அழுத்தச் சொல்லுங்கள். முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், கண்ணில் தெறிக்கும். முதல் அசைவிலேயே ஆயிலின் மேல் ஒரு சின்னச் சுழிப்பு எழ வேண்டும். எழவில்லையா, துளை மூடியிருக்கிறது. லாக் நட்டைத் தளர்த்தி ராடைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள். துளை திறந்ததும் குமிழ்கள் தாமாகவே ஒவ்வொன்றாக மேலே வரும்.

வண்டி சூடானதும் கிளட்ச் பிடிக்காமல் வழுக்கி சிலிப் ஆனாலும் முதலில் இதையே பாருங்கள். சூட்டில் விரியும் ஆயில் டப்பாவுக்குத் திரும்ப முடியாமல் பிரஷர் பிளேட்டை லேசாகத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

நிப்பிள் கீழே, ஹோஸ் மேலே

சில ஸ்லேவ் சிலிண்டர்களில் நிப்பிள், ஹோஸ் இரண்டின் துளைக்கும் ஒரே மரைதான். மாற்றிப் பூட்டினால் காற்று மேலேயே தங்கிவிடும். இடம் தோதாக இல்லையென்றால் ஸ்லேவைக் கழற்றி, பிஸ்டனை உள்ளே அழுத்திக் கட்டி, நிப்பிள் உச்சியில் நிற்கும்படி சாய்த்து ஏர் எடுங்கள்.

படபடவென்று மிதிப்பது

ஆயில் நுரைக்கும். மெதுவாக.

ஆயில்

டப்பா மூடியில் டாட் 3, டாட் 4 என்று எந்த பிரேக் ஆயில் வகை போட்டிருக்கிறதோ அதுதான். அந்த டப்பாவில் பவர் ஸ்டீயரிங் ஆயிலை ஊற்றினால் ரப்பர் எல்லாம் ஊதிப்போகும். அப்புறம் மாஸ்டர், ஸ்லேவ், ஹோஸ் மூன்றுக்கும் செலவு.

மறுநாள் பெடல் மறுபடி இறங்கினால்

உடனே நிப்பிளைத் திறக்காதீர்கள். ஸ்லேவின் தூசி ரப்பரை விலக்கிப் பாருங்கள். மாஸ்டருக்குள் புஷ் ராடு நுழையும் இடத்தை விரலால் தடவுங்கள். ஈரம் இருந்தால் கசிவு அங்கேதான். இரண்டும் காய்ந்திருந்து, பெடலை மிதித்துப் பிடித்திருக்கும்போதே கியரில் இருக்கும் வண்டி மெல்ல நகரத் தொடங்கினால், மாஸ்டரின் உள் ரப்பரைச் சந்தேகப்படுங்கள்.