பிளஸ் ஒன் முடித்து ஆய்வகத்துக்கு வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் எங்கள் பல்கலைக்கழக ஆய்வகத்துக்குப் பள்ளிப் பிள்ளைகள் சிலர் வருகிறார்கள். ஷூ போடு, நேரத்துக்கு வா என்பதெல்லாம் முதல் நாளே யாராவது சொல்லிவிடுவார்கள். யாரும் சொல்லாமல் விடுவதை மட்டும் எழுதுகிறேன்.

ஒரே மின்னஞ்சலை எல்லோருக்கும் அனுப்புவது

பெண் பேராசிரியருக்கு "மதிப்பிற்குரிய ஐயா" என்று வருகிற கடிதத்தை யாரும் இரண்டாவது வரிக்குமேல் படிப்பதில்லை. அவருடைய ஒரு கட்டுரையின் சுருக்கத்தையாவது படித்து, புரியாத இடத்தைக் கேட்டு எழுதுங்கள். அப்புறம், ஐஐடியை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். காரைக்குடி சிக்ரி (மின்வேதியியல் ஆய்வகம்) போன்ற, மத்திய அரசின் சிஎஸ்ஐஆர் ஆய்வகங்களில் பள்ளி மாணவர்களுக்கென்றே 2017 முதல் ஜிக்யாசா திட்டம் இருக்கிறது, பள்ளி மூலமாகக் கேட்டுப் பாருங்கள். பக்கத்து ஊர்க் கல்லூரியின் வேதியியல் துறையையும் கேளுங்கள்.

காசு கட்டி ஆய்வுக் கட்டுரை வெளியிடுவது

வேண்டாம்.

ரெக்கார்டு நோட்டுப் பழக்கம்

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. பள்ளியில் டைட்ரேஷன் செய்யும்போது பியூரெட் அளவு 10.2, 10.2 என்று ஒத்து வந்தாக வேண்டும், வராவிட்டால் பக்கத்தில் நிற்பவனைப் பார்த்தாவது வரவைத்து, ரஃப் நோட்டிலிருந்து ரெக்கார்டுக்கு அழகாக ஏற்றிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். அதே கையோடு ஆய்வகத்துக்கு வந்தால் வேலை மொத்தமும் வீண்.

கிணற்று நீரில் நைட்ரேட் அளக்க ஒரு மாணவி வந்தாள். நல்ல உழைப்பாளி. 220 நானோமீட்டர் அலைநீளத்தில் நைட்ரேட் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளந்துவிட்டு, நீரில் கரைந்த கரிமப் பொருள்களால் வரும் பிழையைக் கழிக்க, நைட்ரேட் உறிஞ்சாத 275-லும் அளப்போம். ஒரு கிணறு மட்டும் மற்றவற்றைப் போல மூன்று மடங்கு காட்டியிருக்கிறது. யாரிடமும் கேட்காமல், ஒயிட்னர் தடவி, சுற்றியிருந்த கிணறுகளின் சராசரியை எழுதிவிட்டாள். நவம்பரில் அறிக்கை எழுத உட்கார்ந்தபோதுதான் கண்ணில் பட்டது. தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து அடியில் இருந்த எண்ணைப் படித்தோம், 275-இல் எடுத்த அளவோ மிகச் சிறியது. அதாவது கரிமப் பொருளால் வந்த பிழை அல்ல, அந்த நீரில் உண்மையிலேயே நைட்ரேட் கூடுதலாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம். "தப்பா வந்திருக்குன்னு நினைச்சேன் அக்கா" என்றாள். மாதிரி பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று, வடகிழக்குப் பருவமழையில் கிணறும் நிரம்பிவிட்டது, மறுபடி அளந்து என்ன பயன்? இந்தியத் தரப்படி குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கைக்குழந்தைக்குப் பால் பவுடர் கரைக்கிற வீட்டில் இது அழித்துவிட்டுப் போகிற எண்ணே அல்ல.

1967-இல் வானியலாளர் ஜோஸ்லின் பெல்லும் ஆய்வு மாணவிதான். ரேடியோ தொலைநோக்கியிலிருந்து தினமும் 30 மீட்டர் அளவுக்கு ஓடிய வரைபடத் தாளில் ஒரு சின்னக் கிறுக்கலை ஒதுக்காமல் துரத்தியதால்தான், சீராகத் துடிக்கும் ரேடியோ அலைகளை அனுப்புகிற பல்சார் என்ற விண்மீன் வகை அகப்பட்டது.

ஆகவே நேராக நோட்டில், பேனாவால், தேதியோடு எழுதுங்கள். தவறென்று பட்டால், எண் தெரிகிற மாதிரி ஒரே ஒரு கோடு போட்டுக் காரணத்தைப் பக்கத்தில் குறியுங்கள். அன்றைக்கே யாரிடமாவது காட்டுங்கள், பாட்டிலில் நீர் இருக்கும்போதே.

நோட்டை வீட்டுக்கு எடுத்துப் போவது

அது ஆய்வகத்துக்குச் சொந்தம். கேட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.