மூன்று வார விடுப்பில் தரை போடலாமா?

ஊர் வீட்டுத் தரையை மாற்றுவது என்று முடிவெடுத்துவிட்டால், டைல்ஸ் கடைக்குப் போவதற்கு முன் விடுப்பு நாட்களை எண்ணுங்கள். எங்கள் வீடு காரைக்குடிப் பக்கம். சிங்கப்பூரிலிருந்து மூன்று வாரத்துக்கு வந்த நான், பொங்கலுக்கு நான்கு நாள் முன்னதாக வேலையைத் தொடங்கினேன். பண்டிகைக்கு ஊருக்குப் போன கொத்தனார் காணும் பொங்கல் முடிந்து ஒரு வாரமாகியும் திரும்பவில்லை. பாதித் தரையோடு விமானம் ஏறினேன்.

அவசரக்காரர்களுக்கு விட்ரிஃபைட் டைல்ஸ்தான் (அதிகச் சூட்டில் இறுகச் சுட்ட, தண்ணீர் எளிதில் உறிஞ்சாத ரகம்) கைகொடுக்கும். பழைய தரை உறுதியாக இருந்தால் பசை வைத்து அதன் மேலேயே பதித்துவிடலாம். தட்டிப் பார்த்துப் பொள்ளல் சத்தம் கேட்கும் இடங்களை மட்டும் முதலில் பெயர்க்கச் சொல்லுங்கள். தரை அரை அங்குலமாவது உயரும் என்பதால் கதவுகளின் அடியைச் சீவ வேண்டிவரும். ஒரே பேட்ச் எண்ணில் (ஒரே தடவையில் தயாரானவை) பத்து சதவீதம் கூடுதலாக வாங்கி, மிஞ்சியதைப் பரணில் போட்டு வையுங்கள். அடுத்த முறை வரும்போது அதே நிறம் கிடைக்காது.

காரைக்குடிக்குப் பக்கத்து ஆத்தங்குடியில் செய்யும் பூப்போட்ட சிமெண்டுக் கல், அதாவது ஆத்தங்குடிக் கல் என்றால் கணக்கே வேறு. அந்த ஊரில் இன்றும் கையால்தான் செய்கிறார்கள். கண்ணாடித் துண்டின் மேல் உலோக அச்சை வைத்து, பூவின் ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் நிரப்புகிறார்கள். சூளை கிடையாது, தண்ணீர்த் தொட்டியில் ஊறித்தான் கல் இறுகுகிறது. அதன் பளபளப்பு அந்தக் கண்ணாடி தந்தது, பாலிஷ் இயந்திரம் தேவையில்லை. பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே ஆர்டர் கொடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப் படத்தை நம்பி நிறத்தைத் தீர்மானிக்காமல், உறவினர் யாரையாவது பட்டறைக்கு அனுப்பி ஒரு கல்லை வெயிலில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கைவேலை என்பதால் கல்லுக்குக் கல் சற்று மாறும்; அது பொறுக்காதவர்கள் டைல்ஸ் கடைக்கே போகலாம். பெயிண்ட் வேலையெல்லாம் முடிந்த பிறகே பதியுங்கள், சொட்டினால் கல் உறிஞ்சிக்கொள்ளும். ஆசிட் கூடவே கூடாது. புளியும் எலுமிச்சையும்கூடச் சிமெண்டைத் தின்னும், ஆகவே சமையலறைக்கு நான் சொல்லமாட்டேன். தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும். ஆள் நடமாட நடமாட மினுக்குக் கூடும். பதினொரு மாதம் பூட்டிக் கிடக்கும் வீட்டில் அந்த மினுக்கு வராது.

சிமெண்டில் சிவப்புக் காவிப் பொடி கலந்து பூசும் காவித் தரையை நல்ல கை கிடைத்தால் மட்டும் போடுங்கள். கரணையால் தேய்த்து மெருகேற்றத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். போட்டபின் ஒரு வாரமாவது ஈரம் காயாமல் காக்க வேண்டும். வெடிப்பு விட்டால் ஒட்டுப்போட்ட இடத்தில் நிறம் சேராது. மரத்தரை ஆசையை விமான நிலையத்திலேயே விட்டுவிடுங்கள். கரையானுக்கு விருந்து அது. வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவும் நம் பழக்கத்தில் மரம்போல் தெரியும் லேமினேட் பலகையும் உப்பிவிடும்.

வீட்டில் அம்மாவும் அப்பாவும் இருந்தால், நீங்கள் திரும்பிய பிறகு அந்தத் தரையில் நடக்கப்போவது அவர்கள்தான். கண்ணாடிபோல் மின்னும் டைல்ஸ் ஈரத்தில் வழுக்கும். குளியலறைக்கும் பின்கட்டுக்கும் சொரசொரப்பான ரகம் வாங்குங்கள். கடையிலேயே தண்ணீர் தெளித்து, வெறுங்காலால் மிதித்துப் பாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். கொத்தனாருக்குக் கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன் குளியலறையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். வாட்டம் சரியாக இருந்தால் தண்ணீர் தானாக ஓட்டையைத் தேடிப் போகும். மூலையில் தேங்கி நின்றால் பணம் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.