மல்டிபேண்ட் எஃப்எம்ஆர்ஐ: வேகத்தையும் நுணுக்கத்தையும் எந்த அளவு கூட்டலாம்

மூளையின் செயல்பாட்டைக் காட்டும் எம்ஆர்ஐதான் எஃப்எம்ஆர்ஐ. அதில் பல ஸ்லைஸ்களை (மூளையின் குறுக்குவெட்டுப் படங்களை) ஒரே நேரத்தில் எடுப்பது மல்டிபேண்ட்; எத்தனை என்பதே மல்டிபேண்ட் எண். மூளையின் இணைப்புகளை வரைபடமாக்கிய மனித கனெக்டோம் திட்டம் 3 டெஸ்லா காந்தப்புலத்தில் 2 மி.மீ. வோக்சல் (படத்தின் முப்பரிமாணப் புள்ளி), 72 ஸ்லைஸ், மல்டிபேண்ட் 8, டிஆர் (மூளை முழுவதையும் ஒருமுறை எடுக்கும் நேரம்) 720 மில்லிநொடி என்று மூளை முழுவதையும் படமெடுத்தது. அந்த எண்களை அப்படியே உங்கள் கருவியில் போடாதீர்கள். அவர்களுடையது அந்த வேலைக்கென்றே மாற்றியமைத்த ஸ்கேனர்.

முதலில் வோக்சலை முடிவு செய்யுங்கள். 3 மி.மீ.யிலிருந்து 2 மி.மீ.க்கு வந்தால் கன அளவு 27-லிருந்து 8 கன மி.மீ. ஆகிறது, சிக்னலும் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போய்விடும். மூளையின் வெளியடுக்கான புறணியின் தடிமனே 2 முதல் 4 மி.மீ.தான். ஆகவே 3 டெஸ்லாவில் பெரும்பாலான ஆய்வுக்கு 2.4 மி.மீ. போதும். புறணியின் அடுக்குகளைப் பிரித்துப் பார்க்க 7 டெஸ்லாவுக்குப் போவதே நல்லது.

ஸ்லைஸ் எண்ணிக்கை மல்டிபேண்ட் எண்ணால் மீதியின்றி வகுபட வேண்டும். 32 சேனல் காயிலில் (தலையைச் சுற்றிச் சிக்னலைப் பெறும் கருவி) 60 ஸ்லைஸ், மல்டிபேண்ட் 4 என்று தொடங்குங்கள்: 15 தூண்டல்கள் (ரேடியோ துடிப்புகள்), டிஆர் சுமார் 1 நொடி. டிஇ (தூண்டலிலிருந்து சிக்னலைப் பதிவதுவரையிலான நேரம்) 30 மில்லிநொடி. ஃபிளிப் கோணத்தை (துடிப்பு காந்தமாக்கலைச் சாய்க்கும் அளவு) 90-லேயே விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. இந்த டிஆருக்கு 60 பாகை அளவில்தான் சிக்னல் உச்சம். ஸ்லைஸுக்குள்ளேயும் முடுக்கினால் (சில தரவு வரிகளை விட்டுவிட்டு எடுத்தால்) உருக்குலைவு குறையும், ஆனால் இரைச்சல் ஏறும். தேவையில்லாமல் அதைத் தொடாதீர்கள்.

ஒவ்வொரு ஸ்கேன் ஓட்டத்தின் தொடக்கத்திலும் எடுக்கும் ரெஃபரன்ஸ் படம்தான் எல்லாவற்றுக்கும் அடித்தளம். சேர்ந்து பதிவான ஸ்லைஸ்களைப் பிரிக்கும் கணக்கு அதிலிருந்தே வருகிறது. அந்தச் சில நொடிகளில் தலை அசைந்தால் ஓட்டம் முழுக்கக் கெட்டுவிடும். தயங்காமல் நிறுத்தி மறுபடி எடுங்கள். உருக்குலைவைத் திருத்த, எதிரெதிர் ஃபேஸ் திசைகளில் (உருக்குலைவு ஏற்படும் திசை) ஒரு ஜோடி ஸ்பின் எக்கோ படங்களையும் அதே எக்கோ இடைவெளியில் (அடுத்தடுத்த தரவு வரிகளுக்கு இடையிலான நேரம்) எடுத்துவையுங்கள். ஆள் இடையில் எழுந்து போய்வந்தால் அந்த ஜோடியைத் திரும்ப எடுக்க வேண்டும்.

மிகவும் ஏமாற்றுவது ஸ்லைஸ் கசிவு: ஒரு ஸ்லைஸின் சிக்னல் அதனுடன் சேர்ந்து எடுத்த இன்னொன்றில் தெரிவது. மேலே சொன்ன அமைப்பில் 5, 20, 35, 50 ஆகிய ஸ்லைஸ்கள் ஒன்றாகத் தூண்டப்படுகின்றன. கண்விழி 20-இல் இருந்து, அது அசைந்தால், 35-இல் சம்பந்தமே இல்லாத இடத்தில் "செயல்பாடு" தெரியலாம். சேர்ந்து எடுக்கும் ஸ்லைஸ்களை ஒன்றுக்கொன்று நகர்த்தி வைக்கும் கைப்பி ஷிஃப்ட் இருப்பதால் அது கண்ணுக்கு நேர் மேலே விழாது, ஃபேஸ் திசையில் நகர்ந்து விழும். எதிர்பாராத ஒரு புள்ளி கிடைத்தால் அதன் கூட்டாளி ஸ்லைஸ்களைப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

மல்டிபேண்ட் 6-க்கு ஏற்றும் முன் 4, 6 என்ற இரண்டு அமைப்பிலும் 5 நிமிட ஓய்வு ஸ்கேன் எடுத்து, அசைவைத் திருத்தி, ஒவ்வொரு வோக்சலிலும் காலப்போக்கில் வரும் சிக்னலின் சராசரியைத் திட்ட விலக்கத்தால் வகுத்துப் பாருங்கள்; எண் பெரிதானால் தரம் நல்லது. மூளையின் நடுப்பகுதியை முதலில் கவனியுங்கள். காயிலிலிருந்து தூரமாக இருப்பதால் அங்கேதான் தரம் முதலில் சரியும். ஆய்வு நடுப்பகுதியில் உள்ள தாலமஸைப் பற்றியது என்றால் 4-ஓடு நிறுத்திக்கொள்ளலாம்.

பகுப்பாய்விலும் ஒரு மாற்றம் வேண்டும். டிஆர் 1 நொடிக்கு இறங்கியதும் அடுத்தடுத்த படங்கள் ஒன்றையொன்று அதிகம் சார்ந்திருக்கும். எஸ்பிஎம் என்ற பகுப்பாய்வு மென்பொருளில், இந்தச் சார்பைக் கணக்கில் எடுக்கும் வழக்கமான ஏஆர்(1) மாடலை விட்டு, குறுகிய டிஆருக்கான ஃபாஸ்ட் மாடலைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் டி மதிப்புகள் (செயல்பாடு எவ்வளவு உறுதி என்று காட்டும் புள்ளியியல் எண்கள்) பொய்யாக ஊதிவிடும்.