தோட்டப்புற நகரத்துக் கல்லூரிக் கூடைப்பந்துக் குழுவைப் புதிய பருவத்துக்குத் தயார்செய்வது எப்படி

புதிய பருவத்துக்கான தயாரிப்பைப் பந்தை எடுத்துத் தொடங்குவதே வழக்கம். நாட்காட்டியை எடுத்துத் தொடங்குங்கள் என்பேன் நான். மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் போன்ற ஊரில் கூரை வேய்ந்த திடல் நினைத்த நேரத்தில் கிடைக்காது. திறந்தவெளிச் சிமெண்டுத் திடலைப் பிற்பகல் மழை எப்போது வேண்டுமானாலும் பறித்துக்கொள்ளும். ஆட்டக்காரர்களில் பலர் செம்பனைத் தோட்டங்களிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டியவர்கள். ஆகவே முதல் ஆட்டத் தேதியிலிருந்து பின்னோக்கி எட்டு வாரங்களை எண்ணி, தேர்வு வாரம், விரத நாட்கள், பண்டிகை விடுமுறை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு மூன்று மாலை, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் என்றால் மொத்தம் 36 மணி நேரம் வரும். மழைக்கும் வராமைக்கும் கால் பங்கைக் கழித்தால் மிஞ்சுவது 27. விரலுக்கேற்ற வீக்கம் என்பதுபோல் திட்டத்தை அந்த 27 மணி நேரத்துக்கு மட்டுமே போட வேண்டும்.

அடுத்து, திடலை அளவு நாடாவால் அளந்து பாருங்கள். வளையத்தின் உயரம் தரையிலிருந்து 3.05 மீட்டர் இருக்க வேண்டும். பழைய திடல்மீது புதிதாகச் சிமெண்டு பூசியிருந்தால் வளையம் சில சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கும், அதில் பழகிய கை போட்டித் திடலில் பந்தைக் குறைவாகவே எறியும். மூன்று புள்ளிக் கோட்டையும் நம்பிவிடாதீர்கள். அனைத்துலக விதிப்படி அது 2010ஆம் ஆண்டில்தான் 6.25 மீட்டரிலிருந்து 6.75 மீட்டருக்குத் தள்ளிப்போனது. அதற்கு முன் போட்ட திடல்களில் பழைய கோடு இன்னும் இருக்கலாம். சுண்ணக்கட்டியால் புதுக் கோட்டை வரைந்துகொண்டு பயிற்சி செய்யுங்கள். ஆண்களுக்கு 7ஆம் எண் பந்து, பெண்களுக்கு 6ஆம் எண் பந்து. இரு குழுக்களும் ஒரே பந்தைப் பகிர்ந்துகொள்வது சிக்கனமல்ல, இரு குழுக்களில் ஒன்றுக்குச் செய்யும் கெடுதல்.

முதல் மூன்று வாரங்களைக் கால்களுக்குக் கொடுங்கள். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் காற்பந்து ஆடி வளர்ந்தவர்கள்; தொடர்ந்து ஓடும் தெம்பு அவர்களுக்கு உண்டு, ஆனால் முழங்காலை மடக்கித் தாழ்ந்து நின்று பக்கவாட்டில் நகரும் பழக்கம் இல்லை. கூடைப்பந்துத் தடுப்பாட்டம் முழுவதும் அந்த நகர்விலேயே இருக்கிறது. பாதங்கள் தோள் அகலத்தைவிடச் சற்று விலகியிருக்க வேண்டும், உடல் எடை முன்பாதத்தில் இருக்க வேண்டும், நகரும்போது ஒரு கால் மற்றதைக் கடக்கக் கூடாது. இதைப் பழக்க, ஒருவர் பந்தைத் தட்டியபடி திடலின் நீளத்துக்கு வளைந்து வளைந்து செல்ல, தடுப்பவர் ஒரு துண்டை இரு கைகளாலும் முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு கால்களால் மட்டுமே வழிமறிக்கட்டும். முதல் நாள் எல்லோருக்கும் சிரிப்பாக இருக்கும். பத்தாம் நாள் யார் சோம்பேறி என்பது தெரிந்துவிடும். கையை நீட்டிப் பந்தைத் தட்டிப் பறிக்கும் ஆசைதான் இளம் ஆட்டக்காரர்களுக்குத் தவறுகளை (ஃபவுல்) சேர்த்துக் கொடுக்கிறது. ஐந்தாவது தவறோடு ஆட்டக்காரர் வெளியேற வேண்டும் என்பதையும், ஒரு கால்பகுதி ஆட்டத்தில் குழுவின் ஐந்தாவது தவறிலிருந்து எதிரணிக்கு யாரும் தடுக்காமல் எறியும் இரண்டு தனி எறிதல்கள் கிடைக்கும் என்பதையும் அவர்கள் துண்டைப் பிடித்திருக்கும்போதே சொல்லிவையுங்கள்.

இதே வாரங்களில் நிற்கவும் கற்றுக்கொடுங்கள். பந்தை வாங்கியதும் இரு கால்களையும் ஒரே நேரத்தில் ஊன்றி நின்று, ஒரு காலை அச்சாக வைத்துத் திரும்பத் தெரியாதவர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் டிராவலிங்கில், அதாவது பந்தைத் தட்டாமல் கூடுதல் அடி வைத்த குற்றத்தில், பந்தை இழப்பார். ஓட்டத் தெம்புக்கு 28 மீட்டர் நீளத் திடலே போதும்: அடிக்கோட்டில் தொடங்கி, அருகிலுள்ள தனி எறிதல் கோடு, நடுக்கோடு, எதிர்ப்பக்கத் தனி எறிதல் கோடு, எதிர் அடிக்கோடு என ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுத் திரும்பினால் 140 மீட்டர் ஆகும். ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடாமல், அவரவர் முதல் ஓட்டத்துக்கும் ஆறாவது ஓட்டத்துக்கும் உள்ள நேர வித்தியாசத்தைக் குறித்துவைத்து, அது வாரத்துக்கு வாரம் குறைகிறதா என்று பாருங்கள்.

வெயிலுக்கு உடல் பழக ஏறக்குறைய இரண்டு வாரங்கள் ஆகும் என்பதால், விடுமுறையில் குளிரூட்டிய அறையில் இருந்துவிட்டு வந்தவரை முதல் நாளே விரட்டக் கூடாது. பயிற்சிக்கு முன்பும் பின்பும் எடை பார்க்கச் சொல்லுங்கள். 60 கிலோ எடையுள்ளவர் 1.2 கிலோவுக்கு மேல் இழந்திருந்தால் குடித்த நீர் போதவில்லை. மின்னலைக் கண்டு முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் உடனே திடலைக் காலி செய்யுங்கள், கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் கழித்தே திரும்புங்கள். மழை விட்ட சிமெண்டில் பாசி வழுக்கும். அன்று வளையத்தடியில் நின்று எறிவதோடு நிறுத்திக்கொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

எறிதல் பயிற்சியில் என் வரிசை இது: முதலில் வலக்கையாலும் இடக்கையாலும் மாறி மாறி லே-அப் (வளையத்தை நோக்கி ஓடிச்சென்று அருகிலிருந்து போடுவது), பிறகு தனி எறிதல், கடைசியில்தான் மூன்று புள்ளி. பிள்ளைகள் இதைத் தலைகீழாகவே விரும்புவார்கள். தனி எறிதலைப் பயிற்சியின் தொடக்கத்தில் வரிசையாக ஐம்பது முறை எறிய வைப்பது வீண். ஓட்டம் முடிந்து மூச்சு வாங்கும் வேளையில், ஆட்டத்தில் வருவதுபோல இரண்டு இரண்டாக எறியச் செய்து, எண்ணிக்கையைச் சுவரில் ஒட்டுங்கள்.

தாக்குதல் அமைப்புகள் இரண்டு போதும்: எதிரணி ஆளுக்கு ஆள் தடுத்தால் ஒன்று, பகுதி பிரித்துத் தடுத்தால் ஒன்று. வெண்பலகை நிறைய அம்புக்குறி போடுவது பயிற்றுநருக்கு மகிழ்ச்சி தரும். எறிவதற்குள்ள நேரத்தைக் காட்டும் 24 விநாடிக் கடிகாரம் ஓடும்போது ஆட்டக்காரருக்கு அவற்றில் ஒன்றுகூட நினைவுக்கு வராது.

கூடைப்பந்தில் மிகுதியாக அடிபடுவது கணுக்கால்தான். ஒவ்வொரு பயிற்சியிலும் ஐந்து நிமிடம் ஒற்றைக் காலில் நின்று பந்தை எறிந்து பிடிக்கச் செய்தால் சுளுக்கு குறையும். சுளுக்கிவிட்டால் ஆட்டத்தை நிறுத்தி, துணியில் சுற்றிய ஐஸை 15 முதல் 20 நிமிடம் வைத்து, கட்டுப்போட்டுக் காலை உயர்த்திவையுங்கள். நான்கு அடி எடுத்துவைக்க முடியாவிட்டாலோ கணுக்கால் எலும்பைத் தொட்டாலே வலித்தாலோ, எண்ணெய் தேய்த்து உருவிவிடும் தாத்தாவிடம் போவதற்கு முன் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

ரமலான் மாதத்தில் நோன்பிருக்கும் தோழர்களுக்கு, நோன்பு திறப்பதற்கு முந்திய நேரத்தில் எறிதல் மட்டும் வையுங்கள், ஓட்டத்தை இரவுக்கு மாற்றுங்கள். தைப்பூச விரதத்தில் இருப்பவர்களிடம் பருப்பு, சோயாவில் செய்த தௌஹூ, தெம்பே ஆகியவற்றைக் கூட்டச் சொல்லுங்கள். வெறும் சோறும் குழம்பும் போதாது.

கடைசி இரண்டு வாரங்கள் நட்பு ஆட்டங்களுக்கு உரியவை. பட்டணத்துச் சீனப் பள்ளிகளின் பழைய மாணவர்கள் பல ஊர்களில் மாலைதோறும் ஆடுகிறார்கள்; வயதில் மூத்தவர்களானாலும் பந்தைக் கைமாற்றுவதில் நம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பார்கள். அந்த ஆட்டங்களை நான்கு பத்து நிமிடப் பகுதிகளாக, முழு விதிகளோடு நடத்துங்கள். இறுதிப் பட்டியலில் பன்னிருவருக்கே இடம் என்பதால் சிலரை விட நேரும். அதை அறிவிப்புப் பலகை வழியாகத் தெரிவிக்காமல், ஒவ்வொருவரையும் தனியே அழைத்து, எந்தத் திறன் குறைந்தது என்று சொல்லிவிடுங்கள். பிறகு அவர்களையே ஆட்டமேசையில் உட்காரவைத்து, புள்ளித் தாள் எழுதவும் 24 விநாடிக் கடிகாரத்தை இயக்கவும் பழக்குங்கள். தாக்குபவர் வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்தை மீண்டும் பிடித்தால் கடிகாரத்தை 14 விநாடிக்கு வைக்க வேண்டும் என்பதை மேசையில் இருப்பவர் மறந்தால், நட்பு ஆட்டத்தில் கற்றது போட்டியில் உதவாது.