ஸ்கோப் கெட்டுப்போகவில்லை, கிரவுண்டைப் பாருங்கள்

காட்பாடியில் உள்ள எங்கள் பட்டறைக்கு டிப்ளமா முடித்த இளைஞர்கள் பயிற்சிக்கு வருவது வழக்கம். ராணிப்பேட்டை, ஆம்பூர் காலணித் தொழிற்சாலைகளிலிருந்து வரும் தையல் இயந்திர சர்வோ பெட்டியை (மோட்டாரை இயக்கும் மின்னணுப் பெட்டியை) அவர்கள் கையில் கொடுத்த சில நாள்களில், "சார், ஸ்கோப் சரியில்லை" என்ற புகார் வந்துவிடும். ஸ்கோப் என்பது மின் அலைவடிவத்தைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப். எங்கள் தலைமுறை செய்த அதே பிழைகளைத்தான் இவர்களும் செய்கிறார்கள். ஃப்யூஸைப் பார்க்க மறப்பது, புரோபை (ஸ்கோப்பின் அளவிடும் வயரை) சரியாகச் செருகாதது போன்றவை தாமாகவே திருந்திவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

எர்த் பின்னை வெட்டுவது

மல்டிமீட்டரின் கறுப்பு வயரைப் போல ஸ்கோப் புரோபின் கிளிப்பையும் விரும்பிய இடத்தில் மாட்டலாம் என்ற எண்ணத்தில்தான் இந்தத் தவறு தொடங்குகிறது. அந்தக் கிளிப், புரோபைச் செருகும் பி.என்.சி. சாக்கெட்டின் வெளி உறை, ஸ்கோப்பின் உலோகச் சட்டம், மூன்று பின் பிளக்கின் எர்த் பின் ஆகிய அனைத்தும் உள்ளே ஒன்றாக இணைந்தவை. பிளக்கைக் கழற்றி வைத்து, மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் போட்டு, கிளிப்புக்கும் எர்த் பின்னுக்கும் இடையே தொட்டுப் பார்த்தால் பீப் ஒலி கேட்கும். இரண்டாம் சேனலின் கிளிப்பும் அதே இணைப்பில்தான் இருக்கிறது.

எஸ்.எம்.பி.எஸ். (ஸ்விட்சிங் பவர் சப்ளை) பலகையில் 230 வோல்ட் மின்சாரம் பிரிட்ஜ் டயோடுகளைத் தாண்டியதும், பெரிய கெபாசிட்டரில் ஏறத்தாழ 325 வோல்ட் டி.சி. நிற்கும். அதன் நெகட்டிவ் முனையைச் சர்க்யூட் படத்தில் கிரவுண்ட் என்றே வரைந்திருப்பார்கள். ஆனால் ஃபேஸ் நெகட்டிவாக இருக்கும் ஒவ்வோர் அரைச் சுற்றிலும் ஒரு டயோடு அந்த முனையை நேராக ஃபேஸுடன் இணைத்துவிடுகிறது. அங்கே கிளிப்பை மாட்டினால், ஃபேஸிலிருந்து டயோடு வழியாகவும் ஸ்கோப் வழியாகவும் எர்த்துக்கு ஷார்ட் ஏற்படும்.

எங்கள் மேசையில் ஒருவர் அப்படி மாட்டியபோது பிரிட்ஜ் இரண்டாகப் பிளந்தது. கிளிப்பின் ஒரு பல் உருகி, கடுகளவு உலோக மணியாக உறைந்து நின்றது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மறுநாள் அவர் செய்ததை நினைத்தால்தான் இன்றும் எரிச்சல் வருகிறது. அனுபவசாலி ஒருவர் சொன்னார் என்று, பிளக்கின் எர்த் பின்னை ரம்பத்தால் அறுத்துவிட்டு வந்து நின்றார். அப்படிச் செய்தால் தீப்பொறி வராது, அலைவடிவமும் திரையில் அழகாகத் தெரியும் என்பது உண்மைதான்; ஆனால் அந்த நொடி முதல் ஸ்கோப்பின் உலோகப் பகுதி முழுவதும் மெயின்ஸ் வோல்டேஜில் நிற்கிறது. பக்கத்தில் இருப்பவர் பி.என்.சி. உறையைத் தொட்டாலும், லேப்டாப்பின் யூ.எஸ்.பி. கேபிளைச் செருகினாலும் என்ன ஆகும் என்று அந்த அனுபவசாலி சொல்லித்தரவில்லை.

பிரிக்க வேண்டியது பழுதான பலகையையே தவிர ஸ்கோப்பை அல்ல. பலகைக்கு, வோல்டேஜை மாற்றாமல் மெயின்ஸிலிருந்து மின்தொடர்பை மட்டும் பிரிக்கும் 1:1 ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக மின்சாரம் கொடுத்தால் கிளிப்பை மாட்டலாம். மாட்டிய பிறகு அந்த முனை எர்த் ஆகிவிடும் என்பதையும், பலகையின் வேறு முனையில் கை பட்டால் ஷாக் அடிக்கும், எர்த்துக்குக் கசியும் மின்சாரத்தைக் கண்டு துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. அப்போது டிரிப் ஆகாது என்பதையும் மறக்கக் கூடாது. டிரான்ஸ்ஃபார்மர் இல்லையென்றால், புரோபில் அச்சிட்டுள்ள வோல்ட் வரம்பைச் சரிபார்த்து, சிக்னலைப் பத்தில் ஒன்றாகக் குறைத்து அனுப்பும் இரண்டு 10எக்ஸ் புரோப்களின் கிளிப்புகளையும் கழற்றிவிட்டு, முதல் சேனலிலிருந்து இரண்டாவதைக் கழித்துப் பார்க்கலாம். 415 வோல்ட் மூன்று ஃபேஸ் மோட்டார் டிரைவில் டி.சி. பஸ் 587 வோல்ட்டை எட்டும் என்பதால், அங்கே டிஃபரென்ஷியல் புரோப் (எர்த்தைச் சாராமல் இரு முனைகளுக்கு இடையிலான வோல்டேஜை அளப்பது) இல்லாமல் ஸ்கோப்பைக் கொண்டுபோகவே வேண்டாம்.

பின் வெட்டப்படாவிட்டாலும் சுவரில் எர்த் இல்லையென்றால் பாதி அபாயம் அப்படியேதான் இருக்கும். வேலூர் வெயிலில், மே மாதம் எர்த் குழி காய்ந்து கிடக்கும்போது, "சட்டத்தைத் தொட்டால் சுருக்கென்கிறது" என்று பையன்கள் சொல்வார்கள். உள்ளே இருக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் இரண்டும் சட்டத்தை ஏறத்தாழ 115 வோல்ட்டில் நிறுத்துவதே அதற்குக் காரணம். குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டர் 230 காட்டுவதை மட்டும் நம்பாமல், எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் டெஸ்டரால் அளக்கச் சொல்லுங்கள்.

பவர் சப்ளையின் பச்சை முனை

அது நெகட்டிவ் அல்ல, எர்த்.

வோல்டேஜ் ஏறாத பவர் சப்ளை

சி.சி. விளக்கு (மின்னோட்டம் வைத்த வரம்பைத் தொட்டுவிட்டது என்று காட்டுவது) எரிகிறதா என்று முதலில் பாருங்கள்.

இரட்டிப்பாகக் காட்டும் ஃபங்ஷன் ஜெனரேட்டர்

சோதனைக்கான அலைகளை உருவாக்கும் ஃபங்ஷன் ஜெனரேட்டரில் 5 வோல்ட் வைத்தால் ஸ்கோப் 10 காட்டுகிறது என்று கருவியைத் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. ஜெனரேட்டரின் உள் மின்தடை 50 ஓம். வெளியேயும் 50 ஓம் லோடு இருக்கும் என்று எடுத்துக்கொண்டுதான் அது கணக்கிடுகிறது. ஸ்கோப்பின் இன்புட் 1 மெகாஓம் என்பதால் வோல்டேஜ் பாதியாகப் பிரியாமல் முழுதாக வந்து சேர்கிறது. மெனுவில் லோடை ஹை-இசட் (மிக அதிக மின்தடை) என்று மாற்றினால் எண்கள் ஒத்துப்போகும்.

மூலை மழுங்கிய சதுர அலை

ஐ.சி.யை மாற்றும் முன், ஸ்கோப்பின் முகப்பில் உள்ள 1 கிலோஹெர்ட்ஸ் முனையில் 10எக்ஸ் புரோபை மாட்டிப் பாருங்கள். அங்கும் மூலை மழுங்கியோ துருத்தியோ இருந்தால் புரோபின் டிரிம்மரை (சரிசெய்யும் சிறு திருகை) திருப்ப வேண்டும். பிளாஸ்டிக் திருப்புளிதான் வேண்டும். இரும்புத் திருப்புளியால் சரிசெய்தால், அதை எடுத்ததும் வடிவம் மறுபடி மாறிவிடும்.